வீடு வீடாக வந்து கணக்கெடுக்கும் சுகாதார ஆய்வுகளால் வடசென்னைக்கு என்ன கிடைத்தது?

வியாசர்பாடியிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவுக்குச் சுகாதார ஆய்வு என்று சொல்லிக்கொண்டு அடிக்கடி வருகிறார்கள். வயது, வருமானம், இருமல், சர்க்கரை எல்லாம் கேட்கிறார்கள். எடை பார்க்கிறார்கள், சில சமயம் ரத்தமும் எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இனிமேல் கதவைத் திறக்கக் கூடாது என்கிறார் அம்மா. அண்மையில் நடந்த மக்கள்தொகை ஆய்வுகளில் உருப்படியாக என்ன தெரியவந்திருக்கிறது? அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன லாபம்?"

அம்மாவின் கோபம் நியாயமானது. அதை மதித்தே சொல்கிறேன், கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கங்களில் பல ஆண்டுகள் இப்படிக் கதவு தட்டிக் கணக்கெடுத்து, பிறகு கணக்கெடுப்பவர்களை மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். சென்னை என்று ஒரே எண்ணாகப் போடும்போது அதில் வடசென்னை காணாமல் போய்விடுகிறது. நம் வீடுகள் ஆய்வில் சேர்ந்து, அதன் முடிவு பகுதிவாரியாகப் பிரித்துச் சொல்லப்படும்போதுதான் நம் நிலைமை வெளியே தெரிகிறது. அண்மைக் கால ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுபவை எல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் வந்து சேர்கின்றன.

கொரோனா காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் சென்னை மாநகராட்சியும், அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து 12,405 பேரிடம் ரத்தம் எடுத்து, அதில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தன. நகரம் முழுவதற்கும் கிடைத்த எண் 21.5 சதவீதம். அதாவது ஐந்தில் ஒருவருக்கு அதற்குள் தொற்று வந்து போயிருந்தது. பரிசோதனையில் உறுதியானவர்கள் என்று அதுவரை பதிவானவர்களோ ஏறக்குறைய ஒரு லட்சம்தான். ஆனால் நான் சொல்ல வருவது அந்த 21.5 அல்ல. மண்டலவாரியாகப் பிரித்தபோது வடசென்னையின் தண்டையார்பேட்டையில் மட்டும் 44.2 சதவீதம். ஏறக்குறைய இரண்டில் ஒருவர். மற்ற மண்டலங்களைவிட அதுதான் அதிகம். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடு, தெருவுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய், வீட்டிலிருந்தபடி செய்ய முடியாத வேலை, இவற்றின் விலை அந்த எண்ணில் இருக்கிறது. பிரித்துப் பார்க்காமல் 21.5 என்று மட்டும் அறிவித்துவிட்டுப் போயிருந்தால், தண்டையார்பேட்டைக்கும் மற்ற இடங்களுக்கும் ஒரே அளவு கவனம்தான் கிடைத்திருக்கும்.

இறப்பு விஷயத்திலும் இப்படித்தான். மாநகராட்சியின் இறப்புப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2021 டிசம்பரில் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழின் குழும இதழ் ஒன்றில் வந்தது. 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை சென்னையில் வழக்கமாக எதிர்பார்க்கும் இறப்புகளுக்கு மேல் ஆயிரம் பேருக்கு ஐந்துக்கும் சற்று அதிகமான இறப்புகள் நேர்ந்தன என்று அது காட்டியது. கொரோனா இறப்பு என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையைவிட இது மிக அதிகம். அந்தச் சுமை வசதி குறைந்த பகுதிகளில்தான் அதிகமாக விழுந்தது என்றும் ஆய்வு சொன்னது. இதற்கு யாரும் புதிதாக ஒரு வீட்டையும் தட்டவில்லை. நம்மவர்கள் ஒழுங்காக இறப்பைப் பதிவு செய்திருந்ததால் அந்தக் கணக்கே சாத்தியமாயிற்று. மாநகராட்சி அலுவலகத்தில் காத்திருந்து வாங்கும் ஒரு இறப்புச் சான்றிதழும் ஆய்வுக்குப் போகும் ஒரு தகவல்தான்.

இனி, பக்கத்து வீட்டை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு ஏன் வருகிறார்கள் என்ற கேள்வி. ஒரு வார்டில் இருக்கும் வீடுகளையெல்லாம் பட்டியலிட்டு, அதிலிருந்து குலுக்கல் முறையில் சில வீடுகளை எடுக்கிறார்கள். எந்த வீடு என்று களத்துக்கு வரும் பெண்ணோ பையனோ தீர்மானிப்பதில்லை, தீர்மானிக்கவும் கூடாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் மேலாக இருப்பதை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடியில் வெந்ததா தெரியாது. குலுக்கலில் வந்த வீடு மறுத்துவிட்டால், அதற்குப் பதில் யார் சிரித்த முகத்தோடு உட்கார வைக்கிறார்களோ அந்த வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. மறுத்த வீடு கணக்கில் ஒரு ஓட்டையாக நிற்கும். அத்தகைய ஓட்டைகள் ஒரே மாதிரியான குடும்பங்களில் விழுந்தால் முடிவே சாய்ந்துவிடும்.

இது கதவு மறுப்பதால் மட்டும் நடப்பதில்லை. காலை பதினொரு மணிக்குக் காசிமேட்டில் வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். படகில் போனவர் திரும்பியிருக்க மாட்டார், அல்லது இரவெல்லாம் விழித்துவிட்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருப்பார். மனைவி மீன் கூடையோடு சந்தையில் இருப்பார். பெரியவன் கன்டெய்னர் யார்டில். வீட்டில் இருப்பது பாட்டியும் பள்ளிக்குப் போகாத குழந்தையும்தான். அந்த நேரத்தில் மட்டும் வந்து போகும் குழு, வேலைக்குப் போகும் ஆண்களைப் பிடிக்கவே பிடிக்காது. புகைப்பவர்கள், குடிப்பவர்கள், மார்புச் சளியை மாதக்கணக்கில் அடக்கிக்கொண்டு மூட்டை தூக்குபவர்கள், இவர்கள் எல்லோரும் அந்த ஆண்களில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஒரு நல்ல ஆய்வுக்குழுவை அடையாளம் காண்பது எளிது. மாலை ஏழு மணிக்கும் வருவார்கள், ஞாயிற்றுக்கிழமையும் வருவார்கள், ஆள் இல்லையென்றால் மூன்றாவது முறையும் வருவார்கள். "சும்மா சும்மா வந்து தொந்தரவு செய்கிறார்கள்" என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் இந்த நேர்மையான குழுக்களைப் பற்றித்தான்.

சென்னையில் இப்படி நடந்தவற்றிலேயே பெரியது எது என்று கேட்டால், 1998 முதல் 2001 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பெரியவர்களை, சரியாகச் சொன்னால் 5,00,810 பேரை, வீடு தேடிப் போய்ப் பதிவு செய்த ஆய்வைச் சொல்வேன். மருத்துவர் வேந்தன் கஜலட்சுமி சென்னையில் நடத்தியது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ரிச்சர்ட் பீட்டோ போன்றவர்கள் உடன் இருந்தார்கள். உயரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் குறித்துக்கொண்டு, பிறகு பல ஆண்டுகள் அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து, யார் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது.

உலகம் முழுவதும் அன்றைக்கு எடை கூடினால் ஆபத்து என்பதுதான் பேச்சு. இந்த ஐந்து லட்சம் சென்னைவாசிகளிடம் தெரிந்தது வேறு. இறப்போடு வலுவாகச் சேர்ந்து வந்தது உடல் மெலிவு. மெலிந்தவர்கள் காசநோயாலும் மூச்சு சம்பந்தமான நோய்களாலும் மிக அதிகமாக இறந்தார்கள். அதிக எடைக்கும் இறப்புக்கும் அத்தனை வலுவான தொடர்பு தெரியவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மட்டும் எங்கும் போல இங்கும் இதய நோய் இறப்போடு நேரடித் தொடர்பு. இந்த முடிவை நான் படித்தபோது, துறைமுகத்திலும் கிடங்குகளிலும் வேலை பார்த்து நாற்பத்தைந்து வயதுக்குள் கன்னம் ஒட்டிப்போன எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன. "உடம்பு குறையுங்கள்" என்ற ஒரே அறிவுரையை எல்லா சுவர்களிலும் எழுதிவைத்தால், மெலிந்து சாகிறவர் அதைப் படித்து என்ன செய்வார்?

ஒருவர் எதனால் இறந்தார் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வந்து செய்யும் வேலைகளில் இதுதான் மிகக் கடினம். இறப்புச் சான்றிதழில் "மாரடைப்பு" என்றோ "மூச்சு நின்றது" என்றோ இருக்கும். அது போதாது. இறந்து சில மாதம் கழித்துப் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவரிடம் கேட்பார். இருமல் எத்தனை வாரம் இருந்தது? சளியில் ரத்தம் வந்ததா? மாலையில் காய்ச்சல் வந்ததா? வலி இடது கைக்குப் பரவியதா? சட்டை தொளதொளத்துப் போனதா, விரலில் மோதிரம் நிற்காமல் கழன்றதா? பெரும்பாலும் மனைவிதான் பதில் சொல்வார். மோதிரக் கேள்விக்கு வரும்போது பலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் அந்த மோதிரம் அதற்குள் அடகுக்கடைக்குப் போயிருக்கும். இப்படிக் கேட்டு எழுதியவற்றை மருத்துவர்கள் படித்து நோயை முடிவு செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த முறையில் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்து 2003-இல் லான்செட்டில் வெளியிட்டார் கஜலட்சுமி. புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று அதில் தெரிந்தது. பீடியும் காசநோயும் சேர்ந்து ஆளைக் கொல்லும் என்பதை உலகுக்குச் சொன்னது இந்த மாநிலத்தின் விதவைகள் தந்த பதில்கள்தான். அந்த ஆய்வில் அவர்களுடைய பெயர் எங்கும் இல்லை. ஆனால் புகையிலை பற்றிய எச்சரிக்கைகளுக்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள்.

காசநோயும் சாப்பாடும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன், வடசென்னைக்கு அதைவிட நெருக்கமான ஆராய்ச்சி இல்லை. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளுக்கான தனி மருத்துவமனையில், மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பது விதி. படுக்கைகளோ மிகக் குறைவு. மதராஸின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறுபாதியை அவர்கள் வீட்டுக்கும் அனுப்பி, இரு தரப்புக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டிலோ நெரிசலும் அரைவயிற்றுச் சாப்பாடும். ஆனாலும் ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் ஒட்டவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவுதான் உலகம் முழுவதும் காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருத்துவம் பார்க்கலாம் என்று மாற்றியது. மதராஸ் ஏழைகள் உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை அது.

ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவும் இருந்தது. மருந்து சரியாகப் போனால் போதும், சாப்பாடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று பலர் அந்த முடிவைப் படித்துக்கொண்டார்கள். ஆய்வு கேட்ட கேள்வியோ மருந்து கொடுத்தால் வீட்டில் குணமாகுமா என்பதுதான். குடும்பத்தில் மற்றவர்களுக்கு வயிறார உணவு கொடுத்தால் நோயே வராமல் தடுக்க முடியுமா என்று அது கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியை யாராவது முறையாகக் கேட்க அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன.

கேட்டவர்கள் மருத்துவர் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும். இடம் ஜார்க்கண்ட். அதே சேத்துப்பட்டு நிறுவனமும் இதில் கூட்டு. 2019-இல் தொடங்கி 2,800 காசநோயாளிகளையும் அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேரையும் சேர்த்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருட்கள் தந்தார்கள். குடும்பத்தாரில் ஒரு பிரிவுக்கு மட்டும் தலைக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும், வைட்டமின் மாத்திரையும். மறுபிரிவுக்கு வழக்கமான உணவுதான். 2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம் குறைவு. முப்பது குடும்பங்களுக்கு இப்படிக் கொடுத்தால் ஒரு புது நோயாளி உருவாகாமல் தடுக்கலாம். நோயாளிகளிடமும் ஒன்று தெரிந்தது: முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடையே இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

இந்தக் கணக்கை நம் ரேஷன் கடையோடு வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரிசி இலவசம். அந்த விஷயத்தில் நாம் ஜார்க்கண்டைவிட நல்ல நிலையில் இருக்கிறோம். துவரம்பருப்போ அட்டைக்கு 1 கிலோ, 30 ரூபாய்க்கு. அந்த ஆய்வில் ஓர் ஆளுக்கு 1.5 கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏழரைக் கிலோ பருப்பு எங்கே, ஒரு கிலோ எங்கே? நம் பகுதியில் குறைவது சோறு அல்ல, பருப்பும் முட்டையும் பாலும்தான். காசநோயாளிக்கு மத்திய அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. குடும்பத்தாருக்கும் உணவுத் தொகுப்பு தரலாம் என்று 2024-இல் திட்டத்தை விரித்தார்கள். ஆனால் அது நன்கொடையாளர்களை நம்பியிருக்கிறது. என் கருத்தில், இப்படி நிரூபணமான ஒன்றை நன்கொடைக்கு விடுவது தவறு. காசநோய் உறுதியான வீட்டின் அட்டைக்கு ஆறு மாதம் கூடுதல் பருப்பு என்று ரேஷன் கடையிலேயே கொடுக்க வேண்டும். கடை இருக்கிறது, எடைபோடும் தராசு இருக்கிறது, அட்டையும் இருக்கிறது.

உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும் காசநோயாளிகளை உடனே கண்டுபிடித்து இறப்பைக் குறைக்க 2022-இல் தமிழக அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. நோய் தெரிந்தவுடன் செவிலியர் சில விஷயங்களைப் பார்க்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று கணக்கிடுகிறார். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்தி எடுக்கிறார். குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு மூச்சு 24-க்கு மேல் போகிறதா, விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 94 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்க்கிறார். கடைசியாக, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். நிற்க முடியாவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, படுக்கையில் சேர்க்க வேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். உங்கள் தெருவில் யாருக்காவது காசநோய் என்று சொல்லி மாத்திரையோடு மட்டும் அனுப்பிவிட்டால், இந்தச் சோதனைகளைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது, "எனக்கு ஒன்றும் இல்லை, என்னை எதற்கு எக்ஸ்ரே படம் எடுக்கிறீர்கள்" என்று பலர் கேட்பது. 2019 முதல் 2021 வரை நாடு தழுவிய காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்குக் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் இருந்தது. அவர்களில் 42.6 சதவீதம் பேரை மார்பு எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே கண்டுபிடிக்க முடிந்தது. அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் தப்பியிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் ஏறக்குறைய 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. பெரும்பாலோர் இருமலைப் பொருட்படுத்தவே இல்லை. வடசென்னையில் இது எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. தூசியும் புகையும் உள்ள இடத்தில் இருமல் யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிடுகிறோம். கையில் தூக்கி வரும் எக்ஸ்ரே கருவியோடு தெருவுக்கு வந்தால், வரிசையில் முதல் ஆளாக நில்லுங்கள்.

சர்க்கரை நோயைப் பற்றி சுருக்கமாக. சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆர்.எம்.அஞ்சனா, வி.மோகன் முதலியோர் நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வந்தது. நாட்டில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4. இதைப் பணக்கார நோய் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் காசநோயாளிகளைப் பரிசோதித்து, ராயபுரத்தில் உள்ள நீரிழிவு மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. மெலிந்த உடம்பில் சர்க்கரை, சர்க்கரையால் தளர்ந்த உடம்பில் காசநோய் என்று இரண்டும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே ஆளிடம் குடியிருக்கின்றன.

காற்றைப் பற்றி யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். எண்ணூர், மணலிப் பக்கம் அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலைகளும் நிலக்கரிச் சாம்பலும் இருக்கின்றன. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவும் அமோனியாக் கசிவும் ஒரே மாதத்தில் வந்தன. காற்றில் மிதக்கும் நுண்துகள் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைச் சென்னையிலும் தில்லியிலும் சுமார் 12,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2023-இல் சொன்னது. ஆண்டுச் சராசரி நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம் கூடுகிறது. நுரையீரலை மட்டும்தான் புகை கெடுக்கும் என்ற எண்ணத்தை இது மாற்ற வேண்டும். ஆனால் அந்த ஆய்வு இரண்டு நகரங்களைப் பற்றியது. எண்ணூர்க் குப்பத்தில் பிறந்து அங்கேயே வளரும் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்க்கும் ஆய்வு வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆலை வேண்டும், வேண்டாம் என்ற சண்டையில் நம் தரப்பு வெறும் கையோடு போய் நிற்கிறது. பிள்ளைகளின் மூச்சுத் திறனைப் பத்தாண்டுகள் அளந்த அட்டவணை கையில் இருந்தால் பேச்சே வேறாக இருக்கும்.

இன்னொரு குறை. எந்தச் சதவீதத்துக்கும் கீழே வகுக்கும் எண் ஒன்று வேண்டும். மொத்தம் எத்தனை பேர் என்பதே அது. கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011-இல். 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்த இடைவெளியில் சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகள் பலவற்றை அகற்றி, அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கம் போன்ற தொலைவான குடியிருப்புகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆய்வுக்காரர்கள் மூன்று ஆண்டு கழித்து அதே முகவரிக்கு வந்தால் அங்கே வீடே இருக்காது. "தொடர்பு விட்டுப்போனவர்" என்று ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டுப் போவார்கள். இடம் மாற்றப்பட்டதால் யாருடைய மருந்து நின்றது, யாருடைய எடை குறைந்தது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவே கைநழுவிப் போகிறது. வீடு மாறினால், உங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்குழுவுக்குப் புது முகவரியைத் தெரிவியுங்கள். இது நான் உரிமையோடு கேட்கும் ஒன்று.

இவ்வளவும் கொடுக்கிறோம், நமக்குத் திரும்பி வருவது என்ன என்று அம்மா கேட்பது சரியான கேள்வி. ரத்தம் எடுத்துப் போன குழு சர்க்கரை அளவைக்கூடத் திருப்பிச் சொல்லாமல் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். கதவைத் திறக்கும்போதே சிலவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். முதலில் அடையாள அட்டையும், தமிழில் எழுதிய ஒப்புதல் படிவமும். அதைப் படித்துப் பார்க்க நேரம் தர வேண்டும், ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும், அதில் ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் இருக்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்கலாம், நடுவில் நிறுத்தலாம். அதனால் அரசு மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையாது. உண்மையான ஆய்வுக்கு வங்கிக் கணக்கு எண்ணோ, கைப்பேசிக்கு வரும் ஓடிபியோ தேவையில்லை. அதைக் கேட்டால் கதவைச் சாத்திவிடலாம்.

உங்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, எக்ஸ்ரே முடிவு உங்களுக்கு எழுத்தில் வர வேண்டும். கோளாறு தெரிந்தால் எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கா, ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனைக்கா என்று சொல்லி அனுப்ப வேண்டும். இது அவர்கள் செய்யும் உபகாரம் அல்ல, ஆய்வின் ஒரு பகுதி.

அதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது, இதை உங்களைப் போல் படிக்கும் பிள்ளைகள்தான் செய்ய முடியும். ஆய்வு முடிந்து ஓராண்டு கழித்து, குடியிருப்போர் சங்கத்தின் பெயரிலோ மீனவர் பஞ்சாயத்தின் பெயரிலோ அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எங்கள் மண்டலத்துக்கு, முடிந்தால் எங்கள் வார்டுக்கு, என்ன எண் வந்தது என்று கேளுங்கள். தனி ஆட்களின் விவரம் தர மாட்டார்கள், தரவும் கூடாது. மொத்தக் கணக்கைத் தரலாம். வந்த எண்ணை வார்டு கவுன்சிலரிடமும், பகுதி சபைக் கூட்டத்திலும் வையுங்கள். காசநோய் எத்தனை வீட்டில், மெலிந்தவர்கள் எத்தனை பேர், எக்ஸ்ரே வண்டி கடைசியாக வந்தது எப்போது என்று கேள்வியை எண்ணோடு கேளுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், மாதிரி ஒன்று தயார் செய்து தருகிறேன்.